பின்கேட்டில் நின்ற வண்டி

பேண்டு என்று சொன்னால் எங்கள் ஊரில் கல்யாண ஊர்வலத்துக்கு முன்னால் சிவப்புக் கோட்டு போட்டு ஊதிக்கொண்டு போகிறவர்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். ராக் பேண்டு என்றால் இன்னும் குழப்பம். "ராக்குன்னா பாறைதானே. மலை மேல ஏறியா வாசிக்கப் போறீங்க" என்று என் தம்பியே கேட்டான்.

நாங்கள் மூன்று பேர். டிரம்ஸ் நான், மூவரில் ஒரே பெண். திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். காலையில் வெறும் வயிற்றோடு வரிசையில் நிற்கிறவர்களின் கையில் ஊசி குத்துவது என் தொழில். பள்ளிக்கூடத்தில் அணிவகுப்புக்கு சைடு டிரம் அடித்ததைத் தவிர சங்கீதம் எதுவும் கற்றதில்லை. பாடுகிறவன் வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசில் தற்காலிக கம்ப்யூட்டர் ஆபரேட்டர். பாட்டெழுதுவதும் அவன்தான், பேஸ் கிதாரும் அவன்தான். மூன்றாமவன் கிதார். ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கும் கடையில் டிசைன் போடுகிறவன். காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, கட்சி மாநாடு எல்லாம் அவன் கையால்தான் ஊரெங்கும் தொங்கும். மூன்று பேரில் உண்மையில் வாசிக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

கீழ்பென்னாத்தூரில் எங்கள் நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை அடுக்குகிற தகரக் கொட்டகை ஒன்று இருக்கிறது. அறுவடை முடிந்து மூட்டை போன பிறகு அது சும்மா கிடக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே பழகினோம். வேறு ஊர்க்காரர் ஒருவர் விற்றுவிட்டுப் போன பழைய டிரம் செட்டை நான் சம்பளத்தில் பிடித்துப் பிடித்து வாங்கியிருந்தேன். அதை எங்கேயாவது கொண்டுபோக வேண்டுமென்றால் வண்டி வேண்டும். வண்டி கிதார்காரனின் அப்பாவிடம் இருந்தது.

அவனுடைய அத்தா லோடு வண்டி ஓட்டினார். நாலு சக்கரச் சின்ன வண்டி. எங்கள் பக்கம் குட்டியானை என்பார்கள். சிமென்டு, கட்டில், பீரோ, சந்தைக்குக் காய்கறி என்று எதுவும் ஏற்றுவார். ஐந்து வேளையும் தொழுகிறவர். பாட்டு, மேளம் எல்லாம் நமக்கு ஆகாது என்பது அவர் கொள்கை. மகன் கிதார் வாங்கியபோது கொஞ்ச நாள் அவனோடு பேசவில்லையாம். ஆனால் முதல் நிகழ்ச்சிக்கு வாடகை வண்டி தேடி நாங்கள் அலைந்தபோது அவராகவே கொட்டகை வாசலுக்கு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். நான் தயங்கிக்கொண்டே, உங்களுக்குப் பிடிக்காத வேலையாச்சே பாய் என்றேன்.

"நான் லோடு ஏத்துறவன்மா. உள்ள என்ன லோடுன்னு பாத்தா பொழப்பு நடக்குமா" என்றார்.

பெரிய டிரம்மைப் பழைய போர்வையில் சுற்றி, ஆடாமல் கயிறு போட்டுக் கட்டினார். சிம்பல் தட்டுகளுக்கு நடுவே அட்டை வைத்தார்.

முதல் நிகழ்ச்சி செங்கம் ரோட்டில் ஒரு காபிக் கடைத் தோட்டத்தில். தியானம் செய்ய வந்து தங்கிவிட்ட வெளிநாட்டுக்காரர்கள் வருகிற இடம். கடைக்காரர் எங்களை ஆசையாகக் கூப்பிட்டுவிட்டு, வந்த பிறகு, கொஞ்சம் கம்மியா வாசிங்க, பக்கத்துல ஆசிரமம் இருக்குது என்றார். நான் டிரம் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு அடித்தேன். முன் வரிசையில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் முதல் பாட்டு தொடங்கியதும் கண்ணை மூடினார், கடைசிப் பாட்டுவரை திறக்கவில்லை. தியானமா தூக்கமா என்று திரும்பும்போது வண்டியில் வாதம் நடந்தது. பாய் மட்டும் சிரிக்காமல் ரோட்டைப் பார்த்து ஓட்டினார். நாங்கள் வாசித்த நேரம் முழுக்க அவர் உள்ளே வரவேயில்லை. வெளியே வண்டியில்தான் இருந்தார்.

இரண்டாவது, எங்கள் ஊரிலேயே ஒரு கல்யாண ரிசப்ஷன். அங்கே சினிமாப் பாட்டு கேட்டார்கள். தெரிந்ததை வாசித்துவிட்டு நடுவில் எங்கள் பாட்டு இரண்டைச் செருகினோம். யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. பந்தியில் சாம்பார் வாளியோடு போன ஒருவர் மட்டும் நின்று கேட்டுவிட்டு, இது எந்தப் படம் என்று கேட்டார். எங்களுடையது என்று பாடகன் சொன்னான். அவர் நம்பவில்லை. அன்றும் பாய் மண்டபத்துக்கு வெளியே வண்டியில் இருந்தார். சாப்பிடக் கூப்பிட்டதற்கு மட்டும் வந்தார்.

மூன்றாவதுதான் கல்லூரி. ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு தனியார் கல்லூரியின் கலை விழா. பெரிய ஸ்பீக்கர்கள், விளக்குகள், எதிரே மைதானம் நிறையப் பிள்ளைகள். அப்படி ஒரு மேடையில் நாங்கள் ஏறியதே இல்லை. லோடு வண்டி மேடைப் பக்கம் நிற்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பாய் சாமானை இறக்கிவிட்டு, மைதானத்தைச் சுற்றிக்கொண்டு போய் பின்கேட்டு அருகே வேப்பமரத்தடியில் வண்டியைப் போட்டார். சிறப்பு விருந்தினர் வழக்கம்போல் தாமதமாக வந்தார், நீளமாகப் பேசினார். நாங்கள் காத்திருந்தோம். மேடைக்குப் பின்னால் நின்றபடி தூரத்தில் அவரைப் பார்த்தேன். பாட்டில் தண்ணீரில் கைகால் கழுவிவிட்டு, துண்டை விரித்து பிற்பகல் தொழுகையான அஸர் தொழுதுகொண்டிருந்தார். நான் அவரைக் கடைசியாக உயிரோடு பார்த்தது அது.

வெயில் சாயும்போது எங்களைக் கூப்பிட்டார்கள். முதல் பாட்டை நான் அவசரமாக அடித்து முடித்தேன். இரண்டாவதில் பிள்ளைகள் நாற்காலியை விட்டு எழுந்து மேடைக்குக் கீழே வந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு நடந்ததை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. தகரக் கொட்டகையில் நாங்கள் மூன்று பேர் மட்டும் கேட்டுக்கொண்டிருந்த பாட்டை முன்பின் தெரியாதவர்கள் கைதட்டிக்கொண்டு கூடவே பாட முயன்றார்கள். வார்த்தை தெரியாத இடத்தில் வெறுமனே கத்தினார்கள். கிதார்காரன் எப்போதும் தலையைக் குனிந்து விரலைப் பார்த்து வாசிக்கிறவன். அன்று நிமிர்ந்து நின்றான். முடித்துவிட்டோம் என்று பாடகன் சொன்ன பிறகும் விடவில்லை, இன்னொன்று கேட்டார்கள். வாசித்தோம். மேடைப் பலகை என் காலுக்குக் கீழே அதிர்ந்துகொண்டே இருந்தது. வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் மற்றதைச் சொல்லியும் பயனில்லை.

இறங்கியதும் ஸ்டாண்டுகளைத் தூக்கிக்கொண்டு மூன்று பேரும் சிரித்துக்கொண்டே மைதானத்தின் ஓரமாகப் பின்கேட்டுக்கு நடந்தோம். வண்டியின் கதவு திறந்திருந்தது. பாய் டிரைவர் சீட்டில் சாய்ந்திருந்தார், ஒரு கால் வெளியே தரையில் ஊன்றியிருந்தது. அசந்துவிட்டார் என்று நினைத்து அவன் "அத்தா" என்று கூப்பிட்டான். இரண்டாவது முறை கூப்பிடுவதற்குள் நான் ஸ்டாண்டைக் கீழே போட்டுவிட்டு அவர் கழுத்தில் விரலை வைத்தேன். தினமும் நரம்பு தேடுகிற விரல். அதற்கு உடனே தெரிந்துவிட்டது. எனக்குத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நெஞ்சில் கை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தேன். கல்லூரி வண்டி வந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு, வரும்போதே உயிர் இல்லை என்றார். மாரடைப்பு.

வீட்டுக்குச் சொல்ல வேண்டும் என்று கிதார்காரன் போனை எடுத்தான். மேடையில் ஏறும்போது கிதார் பெட்டியில் போட்டு, இறங்கியதும் பார்க்காமலே சட்டைப்பையில் வைத்திருந்த போன். திரையைப் பார்த்தபடி நின்றவன் அப்படியே என்னிடம் நீட்டினான். நாங்கள் வாசித்துக்கொண்டிருந்த நேரத்தில் அத்தாவிடமிருந்து இரண்டு அழைப்புகள் வந்திருந்தன.

"போன் வந்தத அம்மாகிட்ட சொல்லிடாத" என்றான்.

சரி என்றேன்.

மறுநாள் காலை நல்லடக்கம். பெண்கள் கபர்ஸ்தானுக்குப் போவதில்லை. பாடகன் போய் மண் போட்டுவிட்டு வந்தான். வந்தவன் எங்கள் கொட்டகைத் திண்டில் உட்கார்ந்து நெடுநேரம் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கிதார்காரன் எங்களோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டான். சண்டை ஒன்றும் இல்லை. கூப்பிட்டால் போன் எடுப்பான், வேலை ஜாஸ்தி என்பான், வைத்துவிடுவான். அவனுடைய கிதார் பெட்டி அன்று சாமானோடு சேர்ந்து எங்கள் கொட்டகைக்கு வந்தது, அங்கேயே இருந்தது. அடுத்த அறுவடை வந்து மூட்டைகள் அடுக்கியபோது அப்பா அந்தப் பெட்டியை ஈரம் படாமல் பரண்மேல் ஏற்றி வைத்தார்.

அவனுடைய அம்மா இத்தாவில் இருந்தார். கணவரை இழந்த பெண் சில மாதங்கள் வீட்டைவிட்டு வெளியே போகாமல், வெளி ஆண்களைப் பார்க்காமல் இருப்பார்கள். அதனால் எங்கள் மூவரில் அந்த வீட்டு உள்ளறைக்குள் போய் அவரைப் பார்க்க முடிந்தது எனக்கு மட்டும்தான். வேலை முடிந்து பஸ் ஏறுவதற்கு முன் அவ்வப்போது போவேன். மகன் அந்த நேரத்தில் கடையில் இருப்பான். நான் அதிகம் பேச மாட்டேன். சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பேன், அவர் போடுகிற டீயைக் குடிப்பேன்.

ஒரு நாள் அவராகவே கேட்டார், அன்றைக்கு எத்தனை பாட்டு வாசித்தீர்கள் என்று. சொன்னேன். கடைசியில் ஒன்று கூடுதலாக வாசித்ததையும் சொன்னேன். அவர் முந்தானையால் டம்ளரின் விளிம்பைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அன்னிக்கு எனக்கு போன் பண்ணாரும்மா" என்றார்.

நான் அவரையே பார்த்தேன். அவர் நிறுத்தாமல், மெதுவாக, யாருக்கோ வழி சொல்கிற குரலில் சொன்னார்.

"நெஞ்செல்லாம் கரிக்குதுன்னாரு. மத்தியானம் கடையில பஜ்ஜி தின்னிருந்தாரு, அதான்னு நெனச்சேன். சோடா வாங்கிக் குடிங்கன்னேன். புள்ளைய கூப்பிடுங்கன்னும் சொன்னேன். அவன் வாசிச்சிட்டிருக்கான், முடிச்சிட்டு வரட்டும்னாரு. பின்னாடி உங்க சத்தம் கேட்டுச்சு, அவர் பேசுறதே சரியா கேக்கல. நானும் வெச்சிட்டேன்."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நானே அவனுக்கு ஒரு போன் அடிச்சிருக்கலாம். எனக்குத் தோணவே இல்லம்மா" என்றார்.

இதை மகனிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். இல்லை என்று தலையை அசைத்தார். சொன்னால் அவன் என்னை மன்னிக்க மாட்டான், நீயும் சொல்லாதே என்றார். நீங்கள் போன் அடித்திருந்தாலும் மேடையில் யாருக்கும் கேட்டிருக்காது என்று என் வாய்வரை வந்தது. அதைச் சொன்னால் அவன் மறைத்து வைத்திருப்பது வெளியே வந்துவிடும். மிச்ச டீயைக் குடித்தேன்.

நான் எழுந்தபோது அவர் வேறு ஒன்று சொன்னார். முன்னால் நீங்கள் வாசித்துவிட்டு வந்த இரண்டு நாளும் அவர் சோற்றில் கை வைத்தபடியே உங்கள் பேச்சுத்தான் பேசினார் என்றார். அந்தப் பொண்ணு அடிக்கிற அடியில ஸ்பீக்கர் கிழியப்போகுது என்றாராம். இவன் வாசிக்கிற ஒரு பாட்டு, மெதுவாகப் போகுமே, அதை மட்டும் ஒன்றும் சொல்லவில்லையாம். இதையாவது அவனிடம் சொல்லலாமே என்றேன். அதைச் சொல்லப்போனால் மற்றதும் வாயில் வந்துவிடும் என்றார்.

அடுத்த சில நாட்கள் எனக்கு வேலையில் மனசு நிற்கவில்லை. ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் மறைத்த இரண்டும் என்னிடம் இருந்தன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இருவருக்கும் பாரம் குறையும் என்று எனக்குப் பட்டது. பாய் முதலில் மனைவியைக் கூப்பிட்டார். மகன் முடிக்கட்டும் என்றார். பிறகு தாங்க முடியாமல் மகனையும் கூப்பிட்டார். நடந்தது அவ்வளவுதான். யாரும் அவரைக் கைவிடவில்லை. ஆனால் எடுத்துச் சொல்கிற உரிமை எனக்கு இல்லை. இருவருக்கும் வாக்குக் கொடுத்திருந்தேன். தவிர, நான் சொன்னால் இரண்டு பேரும் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள் என்றும் தோன்றியது.

கடைசியில் ஒரு சாயங்காலம் ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனேன். மெஷினில் யாரோ ஒரு குழந்தையின் பிறந்தநாள் பேனர் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. மை வாசனை மூக்கில் ஏறியது. வெளியே வரச் சொன்னேன். கடைக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்த பைக்குகளுக்கு நடுவே நின்று பேசினோம்.

"உங்க அம்மா உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருக்காங்க. சொல்ல முடியாம இருக்காங்க. உன்கிட்டயும் ஒண்ணு இருக்குது. ரெண்டு பேரும் உக்காந்து பேசுங்க."

அவன் முகம் மாறியது. "சொல்லிட்டியா?" என்று கேட்டான்.

"இல்ல. நான் எதையும் சொல்லல. இனிமேலும் சொல்ல மாட்டேன்."

நம்பினானா என்று தெரியவில்லை. உனக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்டான். அவன் என்னிடம் அப்படிப் பேசியதே கிடையாது. பேண்டும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், எல்லாரும் என்னைக் கொஞ்சம் சும்மா விடுங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். நான் பஸ் ஏறி ஊருக்கு வந்தேன். பாடகனிடம் நடந்ததைச் சொல்லும்போது அழுதேன். இனி அவன் நம் பக்கம் வர மாட்டான், நானே கெடுத்துவிட்டேன் என்றேன். வராவிட்டால் வராமல் இருக்கட்டும், வீட்டில் அவன் பேசினால் போதும் என்று பாடகன் சொன்னான். அவனை நான் விளையாட்டுப் பிள்ளை என்று எண்ணியிருந்தேன். அன்றிலிருந்து அப்படி எண்ணுவதில்லை.

அந்த வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது இன்றுவரை எனக்கு முழுசாகத் தெரியாது. இரண்டு வாரம் போல் கழித்து அவனே போன் செய்தான்.

"அம்மாதான் முதல்ல சொன்னாங்க. அப்புறம் நான் சொன்னேன்" என்றான். பிறகு, "அம்மா அழுதாங்க. அப்புறம் சாப்பிட்டோம்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை கொட்டகையில் மூட்டை இருக்கிறதா என்று கேட்டான். இல்லை, போய்விட்டது என்றேன்.

வந்தான். பரண்மேலிருந்து பெட்டியை இறக்கித் திறந்தான். கம்பிகள் துருவேறிக் கறுத்திருந்தன. ஒவ்வொன்றாகக் கழற்றிப் புதுக் கம்பி மாட்டினான். கழற்றிய கம்பிகளை நாங்கள் சுருட்டி வைத்தோம். பிறகு வாசித்தான். ஆம்பின் சத்தத்தைக் குறைத்து, மிகவும் குறைத்து வைத்திருந்தான். நான் ஏற்றச் சொல்லவில்லை. நானும் குச்சியை வைத்துவிட்டுக் கையாலேயே தட்டினேன். அப்படிச் சில வாரங்கள் போயின. இடையில் ஒரு முறை கம்பியில் விரலை வைத்தவன், எழுந்து வெளியே போய் வரப்பில் நின்றுவிட்டு வந்தான்.

பாடகன் அந்த நாட்களில் ஒரு பாட்டு எழுதிக்கொண்டு வந்தான். வேப்பமரத்தடியில் காத்திருந்த ஒருவரைப் பற்றி. நல்ல பாட்டு. அவன் எழுதியதில் அதுதான் மேல் என்று இப்போதும் சொல்வேன். கிதார்காரன் அதை இரண்டு முறை படித்தான். மடித்துத் திருப்பிக் கொடுத்தான்.

"நல்லா இருக்குது. வேணாம். அவருக்குப் பிடிக்காது" என்றான்.

பாடகன் முகம் வாடினாலும் அதை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். அந்தப் பாட்டை நாங்கள் ஒரு மேடையிலும் பாடியதில்லை.

மறுபடி மேடை ஏறியது வேங்கிக்காலில். ரத்ததானம் செய்கிற இளைஞர்கள் சிலர் எங்கள் பரிசோதனை நிலையத்துக்கு வந்து போகிறவர்கள். ஆண்டு முடிவில் ஒரு சின்ன மண்டபத்தில் கூடினார்கள், நீங்கள் வாசிக்கிறீர்களா என்று என்னிடம் கேட்டார்கள். கிதார்காரனிடம் தயங்கித்தான் சொன்னேன். யோசித்துவிட்டு, போகலாம் என்றான். குட்டியானையை அவர்கள் விற்றிருந்தார்கள்; வாடகை வண்டியில் போனோம். இத்தா முடிந்திருந்தும் அவனுடைய அம்மா வரவில்லை. அவர் வருவார் என்று நாங்கள் எதிர்பார்க்கவும் இல்லை. எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று மட்டும் கேட்டிருந்தார்.

கூட்டம் கம்மி. பிளாஸ்டிக் நாற்காலிகளில் பாதி காலி. கல்லூரியில் பார்த்தது போல் யாரும் எழுந்து வரவில்லை. ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் கிதார்காரன் உடனே அடுத்ததற்குப் போகவில்லை. கிதாரின் மேல் கையை வைத்துச் சத்தத்தை முழுக்க அடக்கிவிட்டு, யாராவது கூப்பிடுகிறார்களா என்று கேட்பது போல வாசல் பக்கம் ஒரு முறை பார்ப்பான். அந்த இடைவெளி நீளும். மண்டபத்தில் மின்விசிறி ஓடுவது கேட்கும். பாடகன் இரண்டு முறை பேசி அதை நிரப்பப் பார்த்தான். பிறகு அவனும் விட்டுவிட்டான். அதுவரை நாங்கள் வாசித்ததில் அதுதான் மோசம் என்று நினைக்கிறேன். நான் இரண்டு இடத்தில் தாளம் விட்டேன்.

முடிந்ததும் அவன் வீட்டுக்குப் போன் செய்து, முடிஞ்சுதும்மா, வரேன் என்றான். டிரம்மை எடுத்து வைக்க எனக்குக் கை கொடுத்தான். மண்டபக்காரர் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்தார். படி இறங்கும்போது அவன் என்னிடம், நாலாவது பாட்டில் நீ முன்னால் ஓடுகிறாய், என்னால் பிடிக்க முடியவில்லை என்றான். நீதான் பின்னால் இழுக்கிறாய் என்றேன்.

"ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்" என்றான்.